இருபது மெயில் போட்டும் பதில் இல்லையா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. என் துறை புள்ளியியல். மண் ஆய்வு செய்பவர்களோடு சேர்ந்து வேலை செய்ய விருப்பம். இருபது பேருக்கு மெயில் அனுப்பினேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய மெயிலையும் இணைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. 'தங்கள் ஆய்வுகள் என்னைக் கவர்ந்தன, இணைந்து செயல்பட விரும்புகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். சரி என்று சொல்ல நினைப்பவருக்குக்கூட எதற்குச் சரி சொல்கிறோம் என்று புரியாது. அப்புறம் பார்க்கலாம் என்று மூடிவிடுவார், அவ்வளவுதான்.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'உங்கள் கட்டுரையில் ஒரே வயலில் பல இடங்களில் மாதிரி எடுத்திருக்கிறீர்கள். பக்கத்துப் பக்கத்து மாதிரிகளுக்குள் உள்ள ஒற்றுமையையும் கணக்கில் சேர்த்தால் ஈரப்பத வரைபடம் எப்படி மாறும் என்று, நீங்கள் வெளியிட்ட தரவை வைத்தே பார்த்தேன். படம் இணைப்பில். இருபது நிமிடம் பேசலாமா?' ஒரு மாலை வேலைதான். ஆனால் இருபது பேருக்கும் இதைச் செய்ய முடியாது. மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். குறை கண்டுபிடித்தவர் தொனி மட்டும் வேண்டாம்.

யாருக்கு எழுதுவது? ஆய்வகத் தலைவரை விட, கட்டுரையின் முதல் ஆசிரியருக்கு. மண் ஆய்வு மாதிரியான துறைகளில் வயலில் இறங்கி மாதிரி எடுத்தவர் பெரும்பாலும் அவர்தான். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல். அதோடு விட்டுவிடுங்கள்.

ஆள் கிடைத்த பிறகுதான் உண்மையான தலைவலி. கட்டுரையில் யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில் என்ற பெயர் வரிசை. கணிதத்தில் அகரவரிசைப்படி போடுவது வழக்கம். சோதனைக்கூடத் துறைகளில் முதல் இடம் உழைத்தவருக்கு, கடைசி இடம் குழுத் தலைவருக்கு. இரண்டு பழக்கத்திலும் வளர்ந்தவர்கள் ஒரே கட்டுரையில் உட்கார்ந்தால், அவரவர் நினைப்பதே நியாயம் என்று கடைசிவரை பேசாமலே இருப்பார்கள். ஹார்டி, லிட்டில்வுட் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர்கள் இருவரும் 35 ஆண்டுகள் சேர்ந்து எழுதினார்கள். யார் எவ்வளவு செய்தாலும் இருவர் பெயரும் போட வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதிகளில் ஒன்று என்பார்கள். அந்த அளவு நம்பிக்கை நமக்கு முதல் கட்டுரையிலேயே வாய்க்காது.

ஆகவே முதல் சந்திப்பு முடிந்த அன்றே அரைப் பக்க மெயில் ஒன்று போடுங்கள்: யார் எதைச் செய்கிறோம், பெயர் வரிசை என்ன, வேலைப் பங்கு மாறினால் வரிசையும் மாறுமா, தரவு யாரிடம் இருக்கும். 'கிரெடிட்' என்று 14 பங்களிப்பு வகைகள் கொண்ட பட்டியல் இருக்கிறது. பல ஆய்விதழ்கள் எப்படியும் அதைக் கேட்கும். அதையே இப்போது நிரப்பிவிட்டால் பேச்சு எளிது.

ஒருவர் மூன்று மாதம் பதிலே போடாவிட்டால் மற்றவர் கட்டுரையை முடித்து அனுப்பலாமா என்பதையும் அதிலேயே கேளுங்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே விவாகரத்துப் பேச்சா என்று கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தால் நான் கேட்காமல் விட்ட ஒரு கட்டுரை இன்னும் பாதியில் கிடக்கிறது.