புது கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? நீலகிரி வாசகர்களுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 'புதுசா அசெம்பிள் பண்ணினேன், ஆன் ஆகலை' ரகம். பலர் எந்த மதர்போர்டு, எந்த எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரன்ட் கொடுக்கும் பெட்டி) என்றே எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. மாடல் எண் எழுதாத கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை, ஃபேன்கூட அசையவில்லை. மதர்போர்டு போய்விட்டதா? (குன்னூர்)

போர்டைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்சு போட்டிருக்கிறதா? சிரிக்க வேண்டாம், பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 24 பின் கனெக்டரும், பிராசஸருக்கான 8 பின்னும் 'டக்'கென்று பூட்டும்வரை இறங்கியிருக்க வேண்டும். பிறகு கேபினட் (கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி) பட்டன் வயரைக் கழற்றிவிட்டு, போர்டில் அது செருகும் இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். ஓடினால் கோளாறு பட்டனில், அல்லது வயரைத் தப்பான பின்னில் செருகியிருக்கிறீர்கள்.

ஒரு நொடி ஃபேன் சுற்றி நின்றுவிடுகிறது. (கோத்தகிரி)

எங்கோ ஷார்ட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு போர்டை வெளியே எடுத்து, அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம் மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போது ஓடினால், போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சின்ன உலோகக் கால்) அடியில் முட்டிக்கொண்டிருக்கும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை, அதாவது கழற்றி மாட்டும் கேபிளை, புதியதில் செருகியிருந்தால் உடனே உருவுங்கள். முனை பொருந்தும், உள்ளே வயர் வரிசை வேறாக இருக்கலாம். ஹார்டு டிஸ்க்கை எரித்துவிடும்.

ஐ5-12400எஃப் போட்டேன். ஃபேன் ஓடுகிறது, படம் வரவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு இன்னும் வாங்கவில்லை.

'எஃப்' என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு வாங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ் லேபிளில் மலைப் படம் போட்டு 2000 மீட்டர் என்றிருக்கிறது. எங்கள் வீடு ஊட்டியில். அதனால்தான் ஆன் ஆகவில்லையா?

இல்லை. உயரம் கூடக் கூடக் காற்று மெலியும். மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் அதன் திறனும், சூட்டை இழுத்துப் போகும் திறனும் குறையும். உள்ளே விட்ட இடைவெளிகள் 2000 மீட்டர் வரைக்குமான கணக்கு என்பதுதான் அந்தக் குறி. ஊட்டி அதைவிட ஓர் இருநூறு, இருநூற்றைம்பது மீட்டர் கூடுதல். அதற்காக ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்காது. அடுத்த முறை 5000 மீட்டர் குறி பார்த்து வாங்குங்கள்.

என் கண்ணில் பட்டது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி. உறைபனி இரவில் பெட்டி காரிலேயே இருந்தது, காலையில் ஹீட்டர் ஓடும் அறைக்குக் கொண்டுவந்ததும் ஆன் செய்தீர்கள். குளிர்ந்த இரும்பில் ஈரம் முத்து முத்தாகப் படியும். பிளக்கைப் பிடுங்கி அரை நாள் சும்மா வைத்துவிட்டு முயலுங்கள்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. சில நாள் ஆன் ஆகிறது, சில நாள் இல்லை. எஸ்டேட் குவார்ட்டர்ஸில் டூ பின் சாக்கெட்தான். நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டிலேயே சேர்த்தால் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். (கூடலூர்)

அவரைத் திரும்பக் கூப்பிடாதீர்கள். வெளியே எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் உங்கள் கேபினட்டுக்கு வரும். மரக்கிளை முறிந்து லைன் மேல் விழுவது நம் மலையில் அபூர்வமா?

எர்த் பின்னை உடைத்துச் செருகுவது, டூ பின் அடாப்டர் மாட்டுவது, பிவிசி குழாயில் எர்த் வயர் கட்டுவது என்று எல்லாக் கூத்தும் இங்கே நடக்கிறது. முப்பதாயிரம் ரூபாய்க்குக் கார்டு வாங்குகிறவர்கள் எர்த் குழிக்கு ஆயிரங்கள் செலவழிக்க மூக்கால் அழுகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் மின் இரைச்சலை வடிகட்டும் சின்ன கெபாசிட்டர்கள் கேபினட்டோடு சேர்ந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் மின்னழுத்தத்தில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், கேபினட்டில் நிற்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு விடுகிறது. எர்த் உள்ள டிவியில் எச்டிஎம்ஐ வயரைச் செருகினால் அந்தக் கரன்ட் வயர் வழியே இறங்கி, அது செருகும் எச்டிஎம்ஐ போர்ட்டையே கொல்லலாம்.

சில நாள் ஆன் ஆகாததற்குக் காரணம் பெரும்பாலும் டூ பின் அடாப்டரின் லூஸ் தொடர்புதான். பாறை மண்ணில் கம்பியை அடித்துவிட்டால் மட்டும் போதாது. கரியும் உப்பும் போட்டு முறையாகக் குழி எடுக்கச் சொல்லுங்கள், ஜனவரியிலிருந்து மார்ச் வரை தண்ணீர் ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட். லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுங்கள். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்யாதீர்கள்.

600 விஏ யூபிஎஸ்ஸில் கேம் ஓடும்போது கரன்ட் போனால் அணைந்துவிடுகிறது.

600 விஏ என்றால் 350 வாட்ஸ் சொச்சம்தான். உங்கள் கார்டே 200 தின்னும். சில எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மலிவு யூபிஎஸ்ஸின் சதுர அலையும் ஒத்துக்கொள்ளாது. 1000 விஏ, ப்யூர் சைன் வேவ் (வீட்டுக் கரன்ட் போலச் சீரான அலை) யூபிஎஸ் வாங்குங்கள்.

டிடிஆர்5 ராம், ஏஎம்5 (ஏஎம்டி பிராசஸருக்கான) போர்டு. ஒரு நிமிடம் கருப்பு ஸ்கிரீன், அணைத்தேன். திரும்பப் போட்டேன், அணைத்தேன்.

அவசரம் தம்பி. முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ள அந்த போர்டு பல நிமிடம் எடுக்கும். நீங்கள் ஒவ்வொரு முறையும் நடுவில் கெடுத்துவிட்டீர்கள். பதினைந்து நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். அப்போதும் வராவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, ஒரே ஒரு ராமை பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள்.