சிறுமலையில் கடைசி ஆள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 47. மதுரை திருநகரில் இருக்கிறேன். நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒன்பது பேர் சேர்ந்த ஒரு சைக்கிள் குழுவோடு போய்வருகிறேன். மேலூர், சோழவந்தான் என்று 50, 60 கிலோமீட்டர் போவதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. கூட்டத்தோடு 27, 28 கி.மீ. வேகத்தில் பேசிக்கொண்டே போவேன்.

போன வாரம் சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு சிறுமலை அடிவாரத்துக்குப் போய், அங்கிருந்து ஏறினோம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே மற்றவர்கள் என் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார்கள். ஏழாவது வளைவுக்கு முன்னால் கியர் மாற்றும்போது செயின் கழன்று உள்பக்கம் விழுந்தது. அதற்குப் பிறகு இரண்டு வளைவுகள் தள்ளிக்கொண்டே நடந்தேன். முழங்காலுக்கு முன்பக்கம் வலி. எனக்காக மூன்று இடத்தில் நின்று காத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் "வாங்க சார், போலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். கடைசியாக வருபவர்தான் எல்லோருக்கும் டீ வாங்கித் தரவேண்டும் என்பது குழுவின் வழக்கம். வாங்கித் தந்தேன்.

என் எடை 82 கிலோ. வண்டி முன்னால் மூன்று, பின்னால் ஏழு கியர் உள்ள ஹைப்ரிட், 14 கிலோ. செயின் கழன்றது வரை, பெடலோடு சுற்றும் மூன்று பல்சக்கரங்களில் நடுச் சக்கரத்திலேயேதான் ஓட்டினேன். சின்னதுக்குப் போனால் கிண்டல் செய்வார்கள். ஒன்றரை லட்சத்துக்கு எடை குறைந்த ரோடு பைக் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? அல்லது இது என் வயதுக்கு ஒத்துவராது என்று விட்டுவிடலாமா?

மு., திருநகர், மதுரை

அன்புள்ள மு.,

விடவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் இருக்கும் கோளாறுகளில் பாதி உங்கள் வண்டியில் இருக்கிறது, மீதி உங்கள் குழுவில் இருக்கிறது. உங்கள் காலில் இருப்பது குறைவு.

மேலூர் ரோட்டில் முடிந்தது சிறுமலையில் ஏன் முடியவில்லை என்பதை முதலில் பார்ப்போம். சமதளத்தில் 28 கி.மீ. வேகத்தில் போகிறவர் செலவழிக்கும் பலத்தில் பெரும்பங்கு காற்றை விலக்கத்தான் போகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் அந்தச் செலவில் கால்பங்குக்கு மேலேயே மிச்சமாகும். நாலு மாதமாக உங்கள் வண்டியைக் கொஞ்சம் முன்னால் போனவர்களும் சேர்ந்து மிதித்திருக்கிறார்கள். ஏற்றத்தில் 8 கி.மீ. வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. அங்கே சுமை என்பது உங்கள் எடை, வண்டி எடை, தண்ணீர், மொத்தம் ஏறக்குறைய 98 கிலோ. இதில் ஒரு கிலோவைக்கூட இன்னொருவர் வாங்கிக்கொள்ள முடியாது. ஆகவே சமதள வேகத்தை வைத்து ஒருவர் மலையில் எப்படி ஏறுவார் என்று சொல்லவே முடியாது. இது தெரியாமல் சமதளப் பழக்கத்தில் மலைக்குப் போகிற எல்லாக் குழுவும் மூன்றாவது வளைவில் சிதறும்.

இதே கணக்கு ஒன்றரை லட்சத்துக்கும் பதில் சொல்லிவிடும். ஏழு சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் பாதையில், 98 கிலோவை 8 கி.மீ. வேகத்தில் ஏற்ற ஏறக்குறைய 165 வாட் வேண்டும். புது வண்டி 5 கிலோ குறைவு என்றால் சுமை 5 சதவீதம் குறையும். வேகம் 8.4 ஆகும். 12 கி.மீ. ஏற்றம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரத்தில் நாலரை நிமிடம் மிச்சம். அதோடு, கடைகளில் கிடைக்கும் பல ரோடு பைக்குகளில் முன்னால் சின்னச் சக்கரமே 34 பல். உங்களிடம் இருப்பதைவிட ஏற்றத்துக்கு அது கடினமான கியர்.

ஆம், உங்களிடம் இருக்கும் கியர். உங்களுடையது மாதிரியான வண்டியில் பெரும்பாலும் முன்னால் 42, 34, 24 பல்லும், பின்னால் 14 முதல் 28 பல்லும் இருக்கும். ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். நடுச் சக்கரம் 34, பின்னால் பெரியது 28 என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி 2.6 மீட்டர் நகரும். 7 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 44 சுற்று. இது மிதிப்பதல்ல, படி ஏறுவது. ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் மூட்டில் முழுப் பாரமும் இறங்குகிறது. அதே வேகத்தில் முன்னால் 24-க்கு வந்தால் ஒரு சுற்றுக்கு 1.86 மீட்டர், நிமிடத்துக்கு 63 சுற்று. ஒவ்வொரு மிதியிலும் பாரம் 30 சதவீதம் குறைவு. உங்கள் முழங்கால் வலியின் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி சீட் தாழ்வாக இருப்பதாக இருக்கலாம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். மடங்கியிருந்தால் சீட்டை ஏற்றுங்கள், ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். வலி முழங்காலுக்குப் பின்பக்கம் வந்தால் அதிகமாக ஏற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சின்னச் சக்கரத்தைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு ஒரு மூத்த துணை உண்டு. டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்சே, கியரெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு என்று 1902-இல் எழுதியவர். ஓடும்போதே செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்திக் கியர் மாற்றும் டிரெய்லியருக்கு அந்தப் பந்தயத்தில் 1937 வரை அனுமதி இல்லை. ஏற்றம் வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பல்லுக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். உங்களுக்கு வயது 47. டெக்ராஞ்சே கணக்குப்படியே உங்களுக்கு உரிமை வந்து இரண்டு வருடமாகிறது.

செயின் கழன்றதும் இதோடு சேர்ந்ததுதான். வளைவை நெருங்கி, மூச்சு முட்டி, முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே முன் கியரை இறக்கியிருப்பீர்கள். இழுவிசையில் விறைத்திருக்கும் செயின் பல்லில் உட்காராமல் தாண்டி உள்ளே விழும். முன்னால் சின்னதுக்கு மாறுவதை ஏற்றம் தொடங்குவதற்குப் பத்து மீட்டர் முன்பே செய்யுங்கள். அப்படி முடியாமல் போனால் இரண்டு மிதியை பலமாகக் கொடுத்து, மூன்றாவதைப் பாரமே இல்லாமல் சும்மா சுற்றவிட்டு, அந்த அரைச் சுற்றில் மாற்றுங்கள். சும்மா மாற்றும்போதும் விழுகிறது என்றால் முன் டிரெய்லியரில் 'எல்' என்று குறித்த ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கவேண்டும். விழுந்த செயினை எடுக்க வண்டியைக் கவிழ்க்கத் தேவையில்லை. முன் கியரைச் சின்னதுக்கு வைத்து, பின்னால் தொங்கும் டிரெய்லியர் கையை முன்பக்கம் தள்ளினால் செயின் தொளதொளக்கும். சின்னச் சக்கரத்தின் அடிப்பல்லில் மாட்டி, பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால் தானாக ஏறிக்கொள்ளும். இருபது நொடி வேலை.

இனி குழுவுக்கு வருகிறேன். இதை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

"வாங்க சார், போலாம்" என்ற இடத்தில்தான் பிழை இருக்கிறது. முன்னால் போனவர்கள் ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார்கள், தண்ணீர் குடித்திருக்கிறார்கள், செல்ஃபி எடுத்திருக்கிறார்கள். நீங்கள் வந்ததும் கிளம்புகிறார்கள். மூன்று இடம் சேர்த்து அவர்களுக்கு அரைமணி ஓய்வு, உங்களுக்கு ஒரு நிமிடமும் இல்லை. அதிக ஓய்வு தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காத ஏற்பாடு இது. நல்லெண்ணத்தில்தான் நிற்கிறார்கள், ஆனால் நின்றதில் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் வந்து காலை ஊன்றியதிலிருந்து எண்ணவேண்டும். ஐந்து நிமிடம் போதும். அது முடிந்ததும் முதலில் கிளம்பவேண்டியவர் நீங்கள், வேகமானவர்கள் அல்ல.

இதைவிட நல்ல வழி, கிளம்பும் நேரத்தையே பிரிப்பது. 12 கி.மீ. ஏற்றத்தை 7 கி.மீ. வேகத்தில் ஏறுபவருக்கு 103 நிமிடம், 10 கி.மீ. வேகத்தில் ஏறுபவருக்கு 72 நிமிடம். மெதுவானவர்கள் அரைமணி முன்னால் அடிவாரத்தை விட்டால் எல்லோரும் உச்சியில் ஒன்றாகச் சேர்வார்கள். நடுவில் யாரும் யாருக்கும் நிற்கத் தேவையில்லை. வேகமானவர்களுக்கும் துரத்திப் பிடிக்க ஆள் கிடைத்த மாதிரி இருக்கும்.

பின்னால் ஒருவர் துணைக்கு வருவது அவசியம். குழுவில் இரண்டாவது பலசாலி யாரோ அவர் வரட்டும், பம்ப், டியூப், டயர் கழற்றும் லீவரோடு. அவருக்கு ஒரே நிபந்தனை, பேசக்கூடாது. மூச்சு வாங்குகிறவரிடம் பிள்ளைகள் படிப்பை விசாரிப்பது கொடுமை. கேட்பதானால் தலையாட்டிப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்கவேண்டும். முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவதும் வேண்டாம். 7 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்பதே உங்கள் சமநிலையில்தான், ஒரு தள்ளலில் ரோட்டு நடுவுக்குப் போய்விடும்.

ஏற்றத்தில் இடைவெளியும் மாறவேண்டும். சமதளத்தில் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிப் போனது இங்கே ஆபத்து. முன்னால் போகிறவர் சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கத் தொடங்கும் நொடியில் அவர் வண்டி முக்கால் அடி, ஓர் அடி பின்னால் வந்த மாதிரி இருக்கும். உண்மையில் வண்டி பின்னால் போவதில்லை. எழும்போது மிதி ஒரு கணம் விட்டுப்போவதால் வேகம் குறைகிறது, பின்னால் வருபவரின் முன்சக்கரம் அதில் போய் முட்டுகிறது. விழுவது எப்போதும் பின்னால் வந்தவர்தான். ஒரு வண்டி நீளமாவது விட்டுப் போங்கள். எழுகிறவர் ஒரு கியர் கடினமாக்கிக்கொண்டு, பெடல் மேலிருந்து இறங்கத் தொடங்கும்போது எழுந்தால் அந்த உதறல் இருக்காது.

கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பில் தூரம் குறைவு, ஏறவேண்டிய உயரம் அதேதான். அதனால் உள்விளிம்பு செங்குத்தாக இருக்கும். நாம் இடதுபக்கம் போகிறவர்கள் என்பதால் இடப்பக்கம் திரும்பும் வளைவு ஒவ்வொன்றிலும் செங்குத்தான பக்கம் நம் தலையில் விழும். அதற்கு முன்பே ஒரு கியர் இறக்கிவிடுங்கள். சாய்வு குறைவாக இருக்கிறதே என்று வெளிவிளிம்புக்கு நகராதீர்கள், இறங்கி வரும் பஸ் அந்த இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும். ஏறும் வண்டிக்கு முன்னுரிமை என்பது விதி. பஸ்ஸோடு அதை வாதிக்க முடியாது. காத்திருப்பதும் வளைவில் கூடாது, அதைத் தாண்டி நேராக இருக்கும் இடத்தில், தாரை விட்டு இறங்கி நிற்கவேண்டும்.

தள்ளிக்கொண்டு நடந்தது கேவலமா என்று வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்கிறீர்கள். வண்டி 5 கி.மீ. வேகத்துக்குக் கீழே போய் ஹேண்டில் அலையத் தொடங்கினால் இறங்கி நடப்பதுதான் சரி. நடக்கிற வேகமும் ஏறக்குறைய அவ்வளவுதான், வேறு தசைகளுக்கு வேலை போவதால் தொடைக்கு ஓய்வு. திரும்ப ஏறும்போது மேல்நோக்கி ஏறாமல் ரோட்டுக்குக் குறுக்காக வண்டியைத் திருப்பி, முன்னும் பின்னும் பார்த்து, இரண்டு மிதி மிதித்துவிட்டு மேலே திருப்புங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கையில் வலி, கண் இருட்டுவது இதெல்லாம் வந்தால் மட்டும் தள்ளவும் வேண்டாம். உட்கார்ந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 47 வயதில் மலை ஏறத் தொடங்குகிறவர் ஒருமுறை டாக்டரைப் பார்ப்பது நல்லது.

தண்ணீர் மணிக்கு முக்கால் லிட்டர் வையுங்கள். மெதுவாகப் போவதால் உடம்பில் காற்று படாது, வேர்வை காயாமல் சொட்டும். ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. காலையில் நெய் வடியும் பொங்கல் வேண்டாம், அது ஏழாவது வளைவு வரை கூடவே வரும். நாலு இட்லி போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு வாழைப்பழம். அதை மேலே போயும் வாங்கலாம், புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழை அது. பழத்தைப் பையில் வெளியே தெரிய வைக்காதீர்கள், குரங்குகள் வளைவுகளில்தான் உட்கார்ந்திருக்கும்.

இறக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஏறும்போது பெரும்பாலும் மானம்தான் போகும், இறங்கும்போதுதான் எலும்பு முறியும். ரிம் பிரேக்கை அடிவாரம் வரை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் கொன்றுவிட்டு, பிரேக்கை விட்டு, வளைவுக்குள் பிரேக் இல்லாமல் திரும்புங்கள். வளைவின் வெளிப்பக்கம் ஜல்லியும் மணலும் ஒதுங்கிக் கிடக்கும். அங்கே பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வேர்வையோடு இறங்கினால் விரல் விறைக்கும், ஒரு விண்ட்சீட்டர் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழக மதுரையிலேயே இடம் இருக்கிறது. அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் ரோடு, செக்போஸ்டில் சைக்கிளை விடுகிறார்களா என்று அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய். இரண்டுக்கும் நேரமில்லாத நாளில் ஏதாவது ஒரு மேம்பாலத்தில் எட்டுத் தடவை, சீட்டை விட்டு எழாமல், நிமிடத்துக்கு 65 சுற்று. வலது முழங்கால் பதினைந்து நொடியில் பதினாறு தடவை மேலே வந்தால் கணக்கு சரி. ஆடி மாதத்தில் தேனி ரோட்டில் மேற்கே பார்த்துப் போனால் அம்மியைப் பறக்கவிடும் காற்று எதிரே வரும். தனியாகப் போங்கள், யார் பின்னாலும் ஒளியாதீர்கள். அதுவும் ஒரு மலைதான். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்.

டீ விஷயத்தில் மட்டும் உங்கள் குழுவோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு. முதலில் போய்ச் சேர்ந்தவர்தான் வாங்கவேண்டும். அவருக்குத்தான் கடையில் உட்கார நேரம் இருக்கிறது. கீழ் வளைவில் உங்கள் தலை தெரிந்ததும் ஒன்பது டீ சொன்னால், நீங்கள் ஸ்டாண்டைப் போடும்போது ஆறாமல் இருக்கும்.