கேமிங் கணினி, கைக்கு அடக்கமான செலவில்: சிங்கப்பூர் வாசகர்களின் கேள்வி பதில்

ஈசூன்: ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருக்கிறேன். கையில் 500 வெள்ளி. இதை விற்றுவிட்டு எல்லாம் புதிதாக வாங்கட்டுமா, அண்ணா?

பதில்: விற்காதீர்கள், தம்பி. வேகத்தை எது தடுக்கிறது என்று முதலில் பாருங்கள். விளையாட்டில் ரெசல்யூஷனை 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, எகிறினால் திணறுவது கிராஃபிக்ஸ் கார்டு. அப்படியே நின்றால் பிராசசர். பிராசசரை மாற்றப் புது போர்டு வேண்டியதில்லை. 2018இல் வந்த பி450 போர்டுகளில் பெரும்பாலானவை 2022இன் ரைசன் 5 5600ஐ ஏற்கும். ஆனால் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். மாற்றிய பிறகு நினைத்துக்கொண்டால் திரையே வராது. ராமை 16 ஆக்குங்கள்: டிடிஆர்4, 8 ஜிபியாக இரண்டு. போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால், பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். மீதிப் பணம் கார்டுக்கு. பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தெம்பனிஸ்: 30 வெள்ளிக்கு 700 வாட் பவர் சப்ளை கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: என் முதல் கணினிக்கு அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன். மூன்றாம் மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம், ‘டப்’ என்று ஒரு சத்தம். கருகிய வாடை. வீவக அடுக்குமாடி வீட்டின் மெயின் சுவிட்சே விழுந்தது. அடுப்படியில் அம்மாவின் ரைஸ் குக்கர் அரை வேக்காட்டில் நின்றது. போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிற்று அந்தப் பெட்டி.

அட்டையில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 25 என்றால் 12 × 25 = 300 வாட். கார்டும் பிராசசரும் குடிப்பது அதிலிருந்துதான். மீதி 400 எங்கே?

செங்காங்: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன், வித்தியாசமே தெரியவில்லை.

பதில்: விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் இன்னும் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 படத்தில், இருக்கும். மாற்றுங்கள்.

பிடோக்: கிரிப்டோ மைனிங்கில் (கணக்குப் போட்டு டிஜிட்டல் நாணயம் ஈட்டும் வேலையில்) ஓடிய ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு கரோசெல் விற்பனைத் தளத்தில் மலிவாக வருகிறது. என் அக்கா மகன் தொடவே கூடாது என்கிறான்.

பதில்: எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் 2022 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பின் அந்தக் கார்டு யார் வீட்டில், எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி. சிப் எளிதில் தேயாது. தேய்வது விசிறி, காய்வது சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட். விற்பவர் வீட்டிலேயே இருபது நிமிடம் விளையாடிப் பாருங்கள். திரையில் புள்ளி, கோடு, விசிறியில் கரகர சத்தம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். 12 ஜிபிதானா என்றும் பாருங்கள். 3060 என்ற பெயரிலேயே வந்த 8 ஜிபி கார்டு வேகம் குறைந்தது.

பிடோக், மீண்டும்: அந்த அக்கா மகன் நான்தான். சிப்பை விடுங்கள், மெமரி வெந்துபோயிருக்குமே?

பதில்: வாருங்கள். 3080, 3090 கார்டுகளுக்கு நீங்கள் சொல்வது சரி. அவற்றின் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி மைனிங்கில் கடுமையாகச் சூடேறியது. 3060இல் இருப்பது சாதாரண ஜிடிடிஆர்6.

பிடோக்: வெப்பம் வெப்பம்தானே?

பதில்: வெந்நீரும் வெப்பம்தான், கொதிக்கும் எண்ணெயும் வெப்பம்தான். மாமாவோடு நீங்களும் போய்ச் சோதியுங்கள். இருபது நிமிடமும் கைக்கடிகாரத்தைப் பார்த்து.

புக்கிட் பாத்தோக்: அலுவலகத்தில் கழித்த ஒல்லியான கணினியில் கேமிங் கார்டு போடலாமா?

பதில்: பெரும்பாலும் பாதி உயரக் கார்டுதான் நுழையும், மின்சாரமும் போதாது. பெரிய பெட்டியாகத் தேடுங்கள்.

தோ பாயோ: 40 வெள்ளிக்கு 800 வாட் பவர் சப்ளை...

பதில்: தெம்பனிஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இரண்டு முறை.

பிடோக்: 3060 வாங்கிவிட்டோம். சோதித்தபோது நன்றாக ஓடியது. வீட்டில் மாட்டினால் விசிறி சுற்றுகிறது, திரை கருப்பு. நான் சொன்னேன் அல்லவா!

பதில்: மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள்?

பிடோக்: முன்பு இருந்த இடத்தில்தான், மதர்போர்டில்.

பதில்: கழற்றிக் கார்டில் செருகுங்கள்.

பிடோக்: வந்துவிட்டது. மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள்.