எழுத்து தெரியும், வாசிக்க வரவில்லை

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் தெரியும். எழுத்துகளை அவற்றின் ஒலிகளோடு சேர்த்துக் கற்பிக்கும் ஃபோனிக்ஸ் முறையில் ஒலிகளையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் 'ஸன்' என்ற சொல்லைக் காட்டினால் "ஸு, அ, னு" என்கிறாள். சேர்த்துச் சொல் என்றால் "ஸுவனு" என்கிறாள். அவளுக்குப் புரியவில்லையா?

பதில்: நன்றாகவே புரிந்திருக்கிறது, அம்மா. அவள் காதில் விழுந்ததைத்தான் அப்படியே சேர்த்திருக்கிறாள். 'ஸு'வையும் 'அ'வையும் 'னு'வையும் சேர்த்தால் 'ஸுவனு'தானே வரும்?

நாம் பஸ்ஸு, கப்பு என்று கடைசியில் ஓர் உகரம் போட்டே பேசிப் பழகியவர்கள். ஒலியைத் தனியாகச் சொல்லும்போதும் அது ஒட்டிக்கொள்கிறது. ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக என் முதல் வருடத்தில் நானும் "மு, டு, பு" என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். ஒலிகளை ஒப்பிக்கும் பிள்ளைகள் ஒரு சொல்லைக்கூட வாசிக்காமல் தவித்தார்கள். அது அவர்கள் தப்பில்லை என்று எனக்குத் தெரியவே பல மாதங்கள் ஆயின.

தமிழில் நமக்குப் புள்ளி வைத்த எழுத்து இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்: ஸ், ம், ன். இவற்றை மூச்சு உள்ளவரை இழுக்கலாம். அதனால் இழுக்க முடிகிற ஒலியில் தொடங்கும் சொற்களை முதலில் எடுங்கள்: ஸன், ரன், மேன். நடுவில் நிறுத்தாமல் "ஸ்ஸ்ஸ்அஅன்ன்" என்று வழுக்கிக்கொண்டே போக வேண்டும். விரலும் எழுத்துகளுக்கடியில் கூடவே நகரட்டும். ப், ட், க் இழுக்க வராது. சத்தமில்லாமல், வெடுக்கென்று சொன்னால் போதும். 'பின்', 'டின்' போன்றவற்றை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

புத்தகமே இல்லாமலும் செய்யலாம். "ம்–ஏ–ன், என்ன சொல்?" என்று கேளுங்கள். காது சேர்க்கப் பழகிவிட்டால் கண்ணுக்கு வேலை பாதிதான்.

எல்லா ஒலிகளையும் இப்போதே முடிக்க வேண்டாம். ஆங்கிலத்தில் ஏறக்குறைய 44 ஒலிகள். எஸ், ஏ, டீ, பீ, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறு எழுத்துகளை மட்டும் வைத்தே ஸிட், பின், டிப், நிப் என்று ஏராளமான சொற்கள் கிடைக்கும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

அவள் திணறும்போது நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பல நேரம் நான்கிலேயே சொல்லிவிடுவாள்.