பால் படிந்த மினி: புதுக் கண்ணாடி வாங்காதீர்கள்

கேள்வி: வெளிநாட்டிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த 1/43 அளவு (உண்மைக் காரில் 43-இல் ஒரு பங்கு) ரெசின் கார் கிட் ஒன்றை நான்கு மாதமாகச் செய்துவருகிறேன். 1964 மான்டி கார்லோ ரேலியில் வென்ற சிவப்பு மினி கூப்பர். பெயின்ட், டீகால் (எண், எழுத்து அச்சிட்ட ஒட்டுப்படம்) எல்லாம் நன்றாகவே வந்தன. கடைசியாகக் கண்ணாடிகளை (தெளிவான பிளாஸ்டிக் தாள்தான்) உள்பக்கத்தில் சூப்பர் குளூ வைத்து ஒட்டி, அடித்தட்டையும் திருகி மூடினேன். காலையில் பார்த்தால் கண்ணாடி எல்லாம் பால் தெளித்ததுபோல வெளுத்திருக்கின்றன. முன்கண்ணாடி ஓரத்தில் என் விரல் ரேகைகூட வெள்ளையாகத் தெரிகிறது. இணையத்தில் கிட் விற்கும் ஒருவரிடம் கேட்டேன். கண்ணாடித் தாள் பழையது, கெட்டுவிட்டது, புது செட் 2,400 ரூபாய் என்கிறார். வெளிநாட்டிலிருந்து 'கிஃப்ட்' என்று எழுதி வரவழைத்தால் வரியே இருக்காதாம். வாங்கலாமா?
— திருச்சி வாசகர்

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் கண்ணாடி கெடவில்லை. அதன்மேல் பசையின் ஆவி படிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் விரல் ரேகையே அதற்குச் சாட்சி. சூப்பர் குளூ பல பசைகளைப்போல உலர்ந்து இறுகுவதில்லை. காற்றிலும் பரப்பிலும் இருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இறுகுகிறது. அப்போது அதில் ஒரு பங்கு ஆவியாகிப் பறந்து, கிடைத்த இடத்தில் வெள்ளைப் பொடியாக உட்காருகிறது. விரல் பட்ட இடம் என்றால் அதற்குத் தனிப் பிரியம். போலீஸ் தடயவியல் கூடத்தில் குற்றவாளியின் கைரேகையை எடுப்பதற்கு இதைத்தான் செய்கிறார்கள். பொருளை மூடிய பெட்டிக்குள் வைத்து, உள்ளே சூப்பர் குளூவைச் சூடாக்கி ஆவி பிடிக்க விடுவார்கள். நீங்கள் 71 மில்லிமீட்டர் நீளப் பெட்டியில் அதே வேலையைச் செய்து, அடித்தட்டைத் திருகி மூடியும் விட்டீர்கள். பிடிபட்டது உங்கள் கட்டைவிரல்.

தாள் பழையதானால் மஞ்சள் பூக்கும், நொறுங்கும். ஒரே இரவில் வெளுக்காது, ரேகையை வரைந்து காட்டவும் செய்யாது. கிட் விற்றே பிழைக்கும் ஒருவருக்கு இது தெரியாது என்பதை நான் நம்பத் தயாரில்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் அடித்தட்டைக் கழற்றுங்கள். வெளுத்த இடத்தில் பல்குச்சி நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். தண்ணீர் பட்ட வட்டம் மட்டும் பளிச்சென்று தெளிந்து, அதன் வழியாக உங்கள் சட்டைப் பொத்தான் தெரிகிறதா? பாதிக் கவலை போயிற்று. பொடிக்கு இடையிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் கண்ணாடி வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பியதும் தெளிவு திரும்பிவிடுகிறது. தண்ணீர் காய்ந்துபோகும், மறுபடி வெளுக்கும். காயாமல் அங்கேயே நிற்கும் ஒன்றால் நிரப்பிவிட்டால் போதும்.

முதலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை ஈரமாக்கி மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். புதிதாகப் படிந்ததில் ஓரளவு வந்துவிடும். மிஞ்சியதற்கு வெள்ளைப் பற்பசை. ஜெல் வகை உதவாது. அரிசிமணி அளவு எடுத்து, வட்டம் வட்டமாக, அழுத்தாமல் தேயுங்கள். பிறகு ஈரப் பஞ்சால் துடைத்து எடுங்கள். அதற்கும் மசியாத வெளுப்பின்மேல் தண்ணீரில் கரையும் பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ் ஒரு சொட்டு. ஓரத்தில் வைத்துக் காரைச் சாய்த்தால் அதுவே ஓடிப் பரவும். மூலையில் தேங்கியதை டிஷ்யூ காகிதத்தின் நுனி உறிஞ்சிக்கொள்ளும். தூசு விழாமல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, ஒரு நாள் முழுக்க அந்தப் பக்கமே போகாதீர்கள். கிண்ணத்தைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பவர்களின் காரில்தான் கடைசியில் தூசு இருக்கும்.

பஞ்சிழை ஒன்றுகூட உள்ளே ஒட்டியிருக்கக் கூடாது. தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். அதை 43 மடங்காக்குங்கள்: 3 மில்லிமீட்டர். உண்மையான காரின் முன்கண்ணாடிக்குள் ஒரு துணி காயப்போடும் கொடி கிடந்தால் எப்படி இருக்கும், அப்படித் தெரியும். (இந்த 43 என்ற கோணல் எண், ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்ட பிரிட்டிஷ் பொம்மை ரயில்களிலிருந்து வந்தது. கார் உலகம் அதைத் தலையில் கட்டிக்கொண்டுவிட்டது.)

யாராவது அசிட்டோன் போடச் சொல்வார்கள். நகப்பூச்சை அழிக்கும் திரவமும் பெரும்பாலும் அதுதான். சூப்பர் குளூவை அது கரைக்கும், உண்மை. கூடவே கண்ணாடித் தாளையும், நான்கு மாதம் உழைத்த சிவப்புப் பெயின்ட்டையும், 37 என்ற எண் டீகாலையும் கரைத்துக்கொண்டு போகும். வண்டிப் பெயின்ட் கடையில் லிட்டர் கணக்கில் ஊற்றிக் கொடுக்கும் தின்னரும் அதே ஜாதி. இரண்டையும் மேஜைமேல் வைக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் தெளியவில்லை என்றால்தான் கண்ணாடியை மாற்றும் பேச்சு. அதற்கும் 2,400 ரூபாய் வேண்டாம், பல்துலக்கும் பிரஷ் வரும் பிளாஸ்டிக் உறை போதும். மினியின் பக்கவாட்டுக் கண்ணாடிகள் ஏறக்குறையத் தட்டையானவை. ஜன்னல்மேல் வெளிப்புறமாக மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓரத்தில் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் வடிவம் அப்படியே வந்துவிடும். டேப்பை உரித்து உறையின் தட்டையான பகுதியில் ஒட்டி, புதுப் பிளேடால் வெட்டுங்கள். முன்கண்ணாடிக்கு லேசான வளைவு வேண்டும். உறையில் வளைந்திருக்கும் பகுதியிலிருந்து வெட்டிக்கொள்ளுங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் இடைத்தரகரிடம் 'ஒரிஜினல்' கண்ணாடி செட் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் ஒரு துண்டின் மூலையில் அச்சுப் போட்ட விலையின் பாதி எழுத்து இருந்தது. அதுவும் ஏதோ ஓர் உறையிலிருந்து வெட்டியதுதான்.

பழைய கண்ணாடி கழலவில்லை என்றால் காரைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் சூப்பர் குளூ நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், கத்தி நுனியால் நெம்பினால் விட்டுக்கொடுக்கும். வெளியே எடுத்ததும் வியர்க்கும். காயவிடுங்கள்.

திரும்ப ஒட்டுவதற்குப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை. காய்ந்தால் நிறமற்றுப் போகும், ஆவி விடாது, தப்பாக ஒட்டினால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம். கண்ணாடிக்குப் பக்கத்தில் சூப்பர் குளூ என்ற பேச்சே வேண்டாம். எந்தக் கம்பெனியின் எந்த வகையாக இருந்தாலும் வேண்டாம்.

அந்த 'கிஃப்ட்' விஷயம். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2019 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தபாலிலோ கூரியரிலோ பரிசு என்று சொல்லிச் சுங்க அனுமதி கேட்கும் பொருள்களின் இறக்குமதிக்குத் தடை. இணையக் கடையில் வாங்கியதும் அதில் அடக்கம். முழு வரியைக் கட்டினால் பரிசாகவே வரலாம். அப்படியானால் 'கிஃப்ட்' என்று எழுதுவதில் யாருக்கு என்ன லாபம்? விற்பவர் உங்களிடம் பணம் வாங்கும்வரை அவருக்கு லாபம்.

விதிவிலக்கு இரண்டு உண்டு. ஒன்று, உயிர்காக்கும் மருந்து. மற்றது, ராக்கிக் கயிறு. ஆமாம், ராக்கி. அடைப்புக்குறிக்குள் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்கள்: ராக்கியோடு தொடர்புடைய பரிசுகள் இதில் சேராது. கயிறு வரலாம், கயிற்றோடு வரும் இனிப்பு டப்பா முழு வரி கட்டாமல் வரக் கூடாது. மினி காரைச் சுற்றி ராக்கி கட்டி அனுப்பினால்? கயிறு வரும், கார் வராது. அந்தக் கயிறும் தானாக வந்துவிடாது. செலுத்த வேண்டிய வரி 100 ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் வசூலிப்பதில்லை என்ற சுங்கச் சட்டப் பிரிவின் கீழ் வர வேண்டும். ஆக, அக்கா அனுப்பும் நூல் ராக்கிக்கு வரி இல்லை, தங்கத்தில் கோத்து அனுப்பினால் கணக்கு வேறு. இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுதியவர்களுக்கு, வளர்ந்த மனிதர் ஒருவர் இடுக்கியும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு செய்யும் மாடல் காருக்குத் தனியாக ஒரு வரி எழுத நேரமில்லை. சுங்க அட்டவணையில் 9503 என்ற ஒரே தலைப்பின் கீழ் பொம்மை, மூன்று சக்கரச் சைக்கிள், புதிர் விளையாட்டு, அளவு குறைத்த மாடல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் 70 ஆக்கினார்கள். மலிவான, தரமற்ற பொம்மைகளைத் தடுக்கவாம். கிட் பெட்டியின்மேல் 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அச்சடித்திருந்தாலும் அதைக் கிலுகிலுப்பையோடு ஒரே வரிசையில்தான் நிறுத்துகிறார்கள். இந்தக் குழப்பத்தில்தான் 'நான் வரவழைத்துத் தருகிறேன்' என்பவர்கள் கொழிக்கிறார்கள். பார்சல் மாட்டிக்கொண்டால் அவர் போனை எடுக்க மாட்டார், பெட்டியில் முகவரி உங்களுடையது.

உங்கள் காருக்கு வருகிறேன். கண்ணாடி தெளிந்ததும் அடித்தட்டை அவசரமாக மூடாதீர்கள். இருக்கையையோ ஸ்டீயரிங்கையோ சூப்பர் குளூவால் ஒட்ட வேண்டியிருந்தால், காரிலிருந்து தள்ளி, அடித்தட்டின்மேல் தனியாக ஒட்டி, மின்விசிறிக்கடியில் ஒரு நாள் கிடக்கட்டும். ஆவி போக வழி இருக்க வேண்டும். வைப்பரை ஒட்டுவதற்கு மிச்சமிருக்கும் வார்னிஷே போதும், அதன் அடியில் குண்டூசி முனையளவு. அந்த 33 ஈஜேபி என்ற நம்பர் பிளேட் டீகால் இன்னும் கைவசம் இருந்தால் அதைக் கடைசியில் ஒட்டுங்கள். காரைத் தலைகீழாகப் பிடித்துக் கண்ணாடி தேய்க்கும்போது முதலில் உரிந்து வருவது அதுதான்.