பிளாட்டினமா, வெள்ளைத் தங்கமா? கைக்கடிகாரம் வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

ஒரே வடிவில், ஒரே அளவில், பிளாட்டினத்திலும் 18 காரட் வெள்ளைத் தங்கத்திலும் கிடைக்கும் ஆடம்பரக் கைக்கடிகாரங்களுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பலரும் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உள்ளே ஓடும் இயந்திரத்தைப் பற்றி இதில் பேசவில்லை. பெரும்பாலும் இரண்டு உலோகங்களிலும் அது ஒன்றேதான். பேச்செல்லாம் வெளி உறையைப் பற்றியது.

கேள்வி: ஐயா, வணக்கம். இப்போது ஒரு கிராம் பிளாட்டினத்தைவிட ஒரு கிராம் தங்கம்தான் விலை கூடுதல். அப்படியிருக்க, அதே கடிகாரம் பிளாட்டினத்தில் வரும்போது மட்டும் ஏன் அதிக விலை சொல்கிறார்கள்? வெறும் பெயருக்காகவா?

பெயருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் கிராம் விலையை மட்டும் வைத்துக் கணக்கை முடித்துவிட இயலாது. 18 காரட் வெள்ளைத் தங்கத்தில் நூற்றுக்கு 75 பங்குதான் தங்கம். மீதமுள்ளவை பல்லேடியம், வெள்ளி, நிக்கல் போன்ற துணை உலோகங்கள். கடிகார உறைக்குப் பயன்படும் பிளாட்டினமோ பெரும்பாலும் 950 மாற்று, அதாவது நூற்றுக்கு 95 பங்கு பிளாட்டினமே. இதனுடன் அடர்த்தியையும் சேர்த்துப் பாருங்கள். வெள்ளைத் தங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 15 முதல் 16 கிராம் இருக்க, 950 பிளாட்டினம் 20 கிராமைத் தாண்டுகிறது. எனவே வெள்ளைத் தங்கத்தில் 40 கிராம் எடையுள்ள ஓர் உறையை அதே அளவில் பிளாட்டினத்தில் செய்தால் சுமார் 52 கிராம் வரும். முதலாவதில் 30 கிராம் தங்கமும், இரண்டாவதில் 49 கிராமுக்கு மேல் பிளாட்டினமும் இருக்கும். தங்கத்தின் கிராம் விலை பிளாட்டினத்தின் விலையைப் போல ஒன்றே முக்கால் மடங்கை எட்டிவிட்டால், இந்தக் கூடுதல் எடையும்கூட உலோக மதிப்பை ஈடுகட்டாது. அந்த நிலையில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உலோகத்துக்கானது அல்ல. செய்கூலிக்கும் அரிதாகக் கிடைப்பதற்குமான பணம்.

செய்கூலி கூடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். பிளாட்டினத்துக்கு 1768 டிகிரி வேண்டும். கடைசல் இயந்திரத்தில் அது இழுபடும், வெட்டும் உளியின் முனையோடு ஒட்டிக்கொள்ளும், உளியைச் சீக்கிரமே மழுங்கடிக்கும். ரோலெக்ஸ் நிறுவனம் தன் டே-டேட் கடிகாரத்தை 1956-இல் வெளியிட்டது. அதன் தங்க வடிவங்களில் காணும் வரிவரியான பள்ளங்கள் கொண்ட பெசல் (டயலைச் சுற்றியுள்ள வளையம்), பிளாட்டினத்தில் 2022-இல்தான் வந்தது. அதுவரை பிளாட்டினத்தில் வழவழப்பான பெசலையே வைத்தார்கள் என்பதிலிருந்து, கூரிய விளிம்புகளை இந்த உலோகத்தில் கொண்டுவருவது எவ்வளவு சிரமம் என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

கேள்வி: பிளாட்டினம் கடினமான உலோகம், கீறலே விழாது என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். நம்பலாமா?

நம்ப வேண்டாம். கீறல் விழும், பல வேளைகளில் வெள்ளைத் தங்கத்தைவிட எளிதாகவே விழும். பிளாட்டினம் நீடித்து உழைக்கும் என்பது உண்மை, கீறலைத் தாங்கும் என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வரும் தவறு இது. கடினத்தன்மையை அளக்கும் விக்கர்ஸ் அளவுகோலில் 950 பிளாட்டினம், அதில் கலந்திருப்பது இரிடியமா, ருத்தேனியமா, கோபால்ட்டா என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ 80 முதல் 135 வரை நிற்கிறது. நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கம் இதைத் தெளிவாக விஞ்சும். பல்லேடியம் கலந்தது இரண்டுக்கும் இடையில் அமையும்.

வேறுபாடு கீறலின் தன்மையில் இருக்கிறது. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பிளாட்டினத்தில் விழுந்த கீறலைப் பார்த்தால், நடுவில் ஒரு பள்ளமும் அதன் இரு கரைகளிலும் வரப்புப் போல எழும்பிய உலோகமும் தெரியும். உலோகம் இடம் பெயர்ந்திருக்கிறதே தவிர, பெரும்பகுதி உதிர்ந்து போகவில்லை. தங்கத்தில் அப்படியன்று, உரசும்போது சிறிதளவு உலோகம் துகளாகப் போய்விடுகிறது. பல ஆண்டுகள் அணிந்த பிளாட்டின உறையில் நுண்கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பளபளப்பு அடங்கி, சாம்பல் சாயலான ஒரு மங்கல் ஒளி வந்துவிடும். சிலர் அதற்காகவே பிளாட்டினத்தை வாங்குகிறார்கள். கண்ணாடி போன்ற மினுக்கு எப்போதும் வேண்டும் என்பவர்களுக்கு அதுவே தீராத மனக்குறையாகிவிடும். தாங்கள் இவ்விருவரில் யார் என்பதைக் கடைக்குப் போகுமுன் முடிவு செய்துகொள்வது நல்லது. என் கணிப்பில், விலையைவிட இந்தக் கேள்விதான் தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: வெள்ளைத் தங்கம் சில ஆண்டுகளில் மஞ்சளாகிவிடும் என்கிறார்களே?

உலோகம் நிறம் மாறுவதில்லை. மேலே பூசிய ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தின் முலாம் தேயும்போது, அடியில் இருக்கும் கலப்புலோகத்தின் இயல்பான வெளிர் மஞ்சளோ சாம்பலோ எட்டிப் பார்க்கிறது. கடிகாரத்தில் முதலில் தேய்வது மணிக்கட்டைத் தொடும் பின்புறமும், மேசை விளிம்பில் உரசும் பக்கிளும்தான். முலாமை மீண்டும் பூசிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் உறையை மெருகேற்ற வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் விளிம்புகள் சற்றே மழுங்கும். பல்லேடியம் போதிய அளவு கலந்த வெள்ளைத் தங்கம் தானாகவே வெண்சாம்பல் நிறத்தில் இருப்பதால், அதற்கு முலாம் தேவையில்லை, மெருகேற்றினால் போதும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த உறைக்கு ரோடியம் பூசியிருக்கிறதா என்பதே. நேரடியான பதில் வரவில்லையென்றால், தயாரிப்பாளரிடமே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: எனக்கு மலிவான பக்கிள் பட்டாலே தோல் சிவந்து அரிக்கும். எது பாதுகாப்பு?

தங்களுக்கு இருப்பது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். அதைத் தோல் மருத்துவரிடம் பரிசோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியானால் பிளாட்டினத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வெள்ளைத் தங்கமே வேண்டுமென்றால் பல்லேடியக் கலவையாகப் பாருங்கள். தோலோடு நீண்ட நேரம் உரசும் பொருள்களிலிருந்து வெளிப்படும் நிக்கலுக்கு ஐரோப்பிய ஒன்றியம், வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 0.5 மைக்ரோகிராம் என்ற வரம்பை விதித்திருக்கிறது. இருந்தாலும் ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் அந்த வரம்பை மட்டும் நம்பி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: என் மணிக்கட்டு மெலிந்தது. தோல் வாருடன் பிளாட்டினக் கடிகாரம் அணிந்தால் சிரமமாக இருக்குமா?

இருக்கக்கூடும். தோல் வாரில் எடை முழுவதும் உறையிலேயே குவிந்திருக்கும். கையைத் தொங்கவிட்டு நடக்கும்போது கடிகாரம் மெல்ல மணிக்கட்டின் வெளிப்பக்கமாகச் சரியும். அதைத் தடுக்க வாரை இறுக்கினால் மாலைக்குள் தோலில் தடம் பதியும். பிளாட்டினத்தாலேயே செய்த மடிப்புப் பக்கிள் அடியில் இருந்தால் எதிர் எடையாக நின்று ஓரளவு சமன் செய்யும். உறையின் விட்டத்தைக் குறைப்பது அதைவிட நல்ல வழி: 36 அல்லது 37 மில்லிமீட்டர் அளவில், தட்டையான உறையில், பிளாட்டினத்தின் கனம் தொல்லையாகத் தெரியாமல் இதமாகவே தெரியும். 41 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட, தடித்த உறை என்றால் உங்களுக்கு வெள்ளைத் தங்கமே பொருத்தம். உலோகச் சங்கிலிப் பட்டையுடன் வரும் பிளாட்டினக் கடிகாரம் மொத்தத்தில் இன்னும் கனமானது. எனினும் எடை சுற்றிலும் பரவியிருப்பதால் சரிவது குறையும்.

கேள்வி: இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடே தெரியவில்லை. எப்படி அடையாளம் காண்பது?

கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அனுபவசாலிகளுக்கே எளிதன்று. கையில் தூக்கிப் பார்த்தால் எடை சொல்லிவிடும். அடுத்து, உறையின் பின்புறத்திலோ வாரைப் பிடிக்கும் காதுகளின் அடியிலோ உள்ள தரமுத்திரையைப் பாருங்கள்: 950 என்றால் பிளாட்டினம், 750 என்றால் 18 காரட் தங்கம். 1995 முதல் சுவிட்சர்லாந்தின் அதிகாரபூர்வ முத்திரையில் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை இடம்பெறுகிறது.

சில நிறுவனங்கள் தமக்கென்று ஓர் அடையாளத்தையும் வைத்திருக்கின்றன. பட்டேக் ஃபிலிப் தன் பிளாட்டின உறைகளில் பெரும்பாலும் 6 மணிப் பக்கத்தில், இரண்டு காதுகளுக்கு நடுவே ஒரு சிறு வைரத்தைப் பதிக்கிறது. ரோலெக்ஸ் தன் வெளிர் பனி நீல டயலைப் பிளாட்டினத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. 2013-இல் அதன் டேடோனா வகைக் கடிகாரத்தின் 50-ஆம் ஆண்டையொட்டி வந்த பிளாட்டினக் கடிகாரம் அந்த டயலுடன் வந்ததுதான். இந்த அடையாளங்கள் அணிபவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று பெருமையாகச் சொல்வார்கள். ரோலெக்ஸின் நீலத்தைப் பொறுத்தவரை அது ரகசியமாக இல்லை. விவரம் தெரிந்தவர் அறையின் மறுகோடியிலிருந்தே கண்டுகொள்வார். அடக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிளாட்டினம் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: பழைய பிளாட்டின உறை ஒன்றைக் காந்தம் லேசாக இழுக்கிறது. போலியா?

அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். கோபால்ட் கலந்த 950 பிளாட்டினம் காந்தத்துக்கு மெலிதாக ஈர்க்கப்படும். உள்ளே இருக்கும் எஃகு பாகங்களும் காந்தத்தை இழுக்கும் என்பதால் முழுக் கடிகாரத்தில் இந்தச் சோதனையே பயனற்றது. தவிர, இயந்திரத்துக்குக் காந்தம் ஆகாது. ஊடுகதிர் ஒளிர்வு முறையில் உலோகத்தைச் சேதமின்றிச் சோதிக்கும் கருவி உள்ள இடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: நீச்சல் குளத்தில் அணியலாமா?

பிளாட்டினத்தைக் குளத்து நீரின் குளோரின் ஒன்றும் செய்யாது. நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கம், இறுக்கத்தில் இருக்கும் மெல்லிய பாகங்களில் காலப்போக்கில் விரிசல் காணலாம். எதுவானாலும் நீர்புகாத் தன்மையைத் தீர்மானிப்பது ரப்பர் வளையங்களே, உறையின் உலோகம் அன்று.

கேள்வி: பயன்படுத்திய வெள்ளைத் தங்கக் கடிகாரம் ஒன்றும், அதே வகைப் பிளாட்டினக் கடிகாரம் ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. எதை எடுப்பது?

உலோகத்தை மறந்துவிட்டு முதலில் காதுகளைப் பாருங்கள். மெருகேற்றிய மேற்பரப்பும் நுண்கோடுகள் இழுத்த மேற்பரப்பும் சந்திக்கும் இடத்தில் கோடு கூர்மையாக இருக்கிறதா, நான்கு காதுகளும் ஒரே தடிமனில் உள்ளனவா, முத்திரையின் எழுத்துகள் ஆழமாகத் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். முத்திரை மங்கி, காதுகள் மெலிந்திருந்தால், பலமுறை மெருகுச் சக்கரத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அது பிளாட்டினமானாலும் விட்டுவிடுங்கள். கீறல் நிறைந்திருந்தும் விளிம்புகள் கூர்மையாக உள்ள பிளாட்டின உறை, பளபளவென்று வழுக்கும் உறையைவிட மேலானது. ஆழமான வடுக்களை லேசர் பற்றவைப்பில் நிரப்ப முடியும் என்றாலும், பிளாட்டினத்தை முறையாக மெருகேற்றத் தெரிந்தவர்கள் குறைவு, கூலியும் அதிகம். ஆகவே அந்த வேலையைத் தயாரிப்பாளரின் சேவை மையத்திடமே ஒப்படையுங்கள். கொடுக்கும்போது, உறையை மெருகேற்ற வேண்டாம் என்றால் அதைப் பணிச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் வழக்கமான பராமரிப்போடு சேர்த்து மெருகேற்றியும் கொடுத்துவிடுவார்கள்.