பாதி விலை அரிசி வேண்டாம், நின்றுபோன அட்டையைப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் லைன் வீடுகள் அதிகமுள்ள பகுதியில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து நான்கு வருடமாக மதியச் சாப்பாடு போடுகிறோம். நாற்பது பேர் வந்த இடத்தில் இப்போது நூறு பேர் வருகிறார்கள். கேட்டால் "ரேஷன் அரிசி நின்னு போச்சுங்க" என்கிறார்கள். ஒருவர் கிலோ 20 ரூபாய்க்கு மாதாமாதம் மூட்டை இறக்குவதாகச் சொல்கிறார். தர்ம காரியத்துக்குத்தானே, வாங்கலாமா? வேறு என்ன செய்யலாம்?

பதில்: வாங்காதீர்கள் அம்மணி. மற்றதெல்லாம் அப்புறம்.

கடையில் சாதாரணப் புழுங்கல் அரிசியே 40 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒருவர் பாதி விலைக்கு மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறார் என்றால், அது வீடு வீடாகக் கிலோ ஐந்துக்கும் பத்துக்கும் வாங்கிச் சேர்த்த ரேஷன் அரிசியாகத்தான் இருக்கும். நம் பக்கம் இந்த அரிசி வாளையார் தாண்டிக் கேரளாவுக்குப் போகும், கோழித் தீவனத்துக்குப் போகும், மாவு அரைக்கிறவர்களுக்குப் போகும். இப்போது அன்னதானக் கூடங்களையும் பிடிக்கப் பார்க்கிறார்கள். 2011 ஜூன் முதல் அரசு காசில்லாமல் கொடுக்கிற அரிசி அது. உங்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்குப் போயிருக்க வேண்டியதைத்தான் நீங்கள் விலை கொடுத்து வாங்கப் போகிறீர்கள்.

அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் 1955 விற்றவரோடு நிற்பதில்லை, வாங்கி வைத்திருப்பவரையும் பிடிக்கும். ஏழு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. முப்பது வருடம் வழங்கல் துறையில் இருந்த எனக்கு, ஓர் அறக்கட்டளைச் செயலாளர், ஓய்வு பெற்ற வாத்தியார், இரவு பதினொரு மணிக்கு "சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுங்க" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அரிசி கொண்டுவந்து போட்டவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு பிடி அள்ளித் தட்டில் பரப்பிப் பாருங்கள். 2023 முதல் ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் செறிவூட்டிய மணி கலந்து வந்தது. லேசாக மஞ்சள் ஓடியிருக்கும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று சனங்கள் பயந்தது இதைத்தான். பயப்பட ஒன்றுமில்லை, இரும்புச்சத்து சேர்த்த அரிசி மாவு அது. ஆனால் அந்த மணி கண்ணில் படவில்லை என்பதற்காக அரிசி சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பில் கேளுங்கள். பில் தராதவரிடம் ஒரு மூட்டைகூட வேண்டாம்.

சரி, நூறு பேருக்கு என்ன செய்வது? ஒரு கணக்கு. ஆளுக்கு நூறு கிராம், மாதம் 26 நாள் என்றால் உங்களுக்கு 260 கிலோ அரிசி வேண்டும். நாலு பேர் உள்ள முன்னுரிமைக் குடும்ப (PHH) அட்டைக்கு மாதம் 20 கிலோ உண்டு. நின்றுபோன அட்டையில் பதிமூன்றை மீட்டுவிட்டால் அதே 260 கிலோ அந்தந்த வீட்டு அடுப்புக்கே போய்ச் சேரும். ஆறு பேரில் இரண்டு பேரைச் சமையலிலிருந்து விடுவித்து, அட்டை வேலைக்கு மட்டும் வையுங்கள்.

ஒவ்வொருவரிடமும் ஏன் நின்றது என்று கேளுங்கள். பல பேருக்குக் கைரேகைதான் காரணமாக இருக்கும். சாயப்பட்டறையில் முப்பது வருடம் நின்ற ஒரு பாட்டியின் விரலைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. கடைக்காரர் துணியால் துடைத்தார், தலைமுடியில் தேய்த்து வைக்கச் சொன்னார், பத்து விரலும் வைத்தாயிற்று, கருவி ஏற்கவில்லை. "ரேகை உழுகமாட்டேங்குதுங்க" என்று அந்தம்மா வெறும் பையோடு திரும்பினார். அவர் திரும்பியிருக்கவே கூடாது. 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதார் இணைக்காததால் ரேஷன் நின்ற வீட்டில் 11 வயதுச் சிறுமி இறந்துபோனாள். பசியால்தான் என்றார் தாய், இல்லை என்றது அரசு. அந்த அக்டோபர் 24ஆம் தேதியே மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது: ஆதார் இல்லை, ரேகை பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் பொருளை மறுக்கக் கூடாது, பெயரை நீக்கவும் கூடாது, பதிவேட்டில் தனியாகக் குறித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். நடக்க முடியாதவர்கள், தங்களுக்குப் பதிலாக இன்னார் வாங்கலாம் என்று எழுதிக் கொடுக்கவும் படிவம் உண்டு. இத்தனையும் இருந்தும் "சிஸ்டம் எடுக்கலைம்மா" என்ற ஒரே வார்த்தையில் வயசானவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். எத்தனையோ கூட்டத்தில் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, உரிய பொருள் தராவிட்டால் அதற்கு ஈடாகப் படித்தொகை கொடுக்க வேண்டும் என்கிறது. அதை ஒருவர் வாங்கி நான் பார்த்ததில்லை.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறான். "அட்டையை ஆக்டிவேட் பண்ணித் தர்றேன், ஐந்நூறு குடு" என்பான். ரேஷன் கடையில் கைரேகை பதிந்து விவரம் சரிபார்க்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. அட்டையை அவனிடம் விட்டுவைத்தால் மாதாமாதம் பொருள் வேறு வீட்டுக்குப் போகும். செல்போனுக்கு வரும் ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. உங்கள் பந்தி நடக்கும் இடத்தில் இதை எழுதி ஒட்டுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள்.

வடமாநிலத் தொழிலாளிகள் வந்தால், சொந்த ஊர் அட்டை முன்னுரிமை அட்டையா என்று கேளுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபர் முதல் இங்கே உண்டு. அட்டை எண்ணும் ரேகையும் போதும், அரிசி இங்கேயே வாங்கலாம்.

இலவசச் சாப்பாடு போட்டாலும், உணவின் தரத்தைக் கண்காணிக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், லாபம் இல்லை என்பதால் விலக்கு கிடையாது. அதை இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

ரேஷன் குறைதீர் முகாம் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, வட்டம்தோறும் நடக்கும். மனுவை ஆளுக்கு ஒன்றாக எழுதுங்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே தாளில் எழுதினால் ஒன்றும் நகராது. அட்டை எண், எந்தக் கடை, எந்தத் தேதியில் திருப்பி அனுப்பினார்கள் என்று மூன்றும் அதில் இருக்கட்டும். நடக்கக்கூடிய பாட்டிகளை நேரில் கூட்டிப்போங்கள், அதிகாரி அந்த விரலைப் பார்க்கட்டும். ஒப்புகைச் சீட்டு கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். பதினைந்து நாளில் அசைவு இல்லையென்றால் 1967க்குப் போன் செய்து, புகார் எண்ணை அந்தச் சீட்டின் பின்னாலேயே எழுதி வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் இரண்டையும் சேர்த்து நீட்டுங்கள்.